நிற்பவனும் பயணிதான்!

ரயில் பெட்டியின் கதவைப் பற்றி எழுதப் போகிறோம். "நாட்டிலே பிரச்சினைகள் மலைபோல் குவிந்து கிடக்க, கதவுதானா உமக்குக் கிடைத்தது?" என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும்! அப்படிக் கேட்பவர்கள், ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் அல்லர்.

விடியற்காலையில் இரணியலிலே, பள்ளியாடியிலே, குழித்துறையிலே ரயிலுக்குக் காத்திருக்கும் கூட்டத்தைப் பாருங்கள். கரண்டியும் மட்டப்பலகையும் பையிலே சொருகிய கொத்தனார் இருப்பார். அவருடைய கையாள் இருப்பார். கடைச் சிப்பந்தி இருப்பார். மருத்துவமனைக்குப் போகும் செவிலி இருப்பார். கல்லூரி மாணவி இருப்பார். கையிலே பொதிச்சோறு, கண்ணிலே தூக்கம், மனத்திலே கடிகாரம்! வண்டி தவறினால் அன்றைய கூலி தவறும். ஆகவே இடம் இருந்தாலும் ஏறுவார்கள், இல்லாவிட்டாலும் ஏறுவார்கள். உட்கார இடம் கிடைத்தவன் பாக்கியசாலி, நிற்க இடம் கிடைத்தவன் திருப்திசாலி, மற்றவனுக்கு வாசல்! திறந்து கிடக்கும் வாசல்!

நாஞ்சில் நாட்டுக்கு ரயில் எளிதிலே வந்துவிடவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் நம் மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. ரயில் வந்ததோ 1979-இல்! அதுவும் முதலில் வந்தது திருவனந்தபுரத்திலிருந்து. நாகர்கோவிலைத் திருநெல்வேலியோடு பிணைத்த பாதை 1981-இல்தான் திறக்கப்பட்டது. தாயோடு சேர்ந்த பிள்ளைக்குத் தாய்வீட்டுப் பாதை கால் நூற்றாண்டு கழித்தே கிடைத்தது. பிறகு மின்கம்பி வந்தது. இன்று கன்னியாகுமரிக்கும் கொல்லத்துக்கும் இடையே 'மெமு' என்னும் மின்சார ரயில் ஓடுகிறது. மகிழ்ச்சி! ஆனால் நீராவியின் காலம் போய், டீசலின் காலமும் தேய்ந்து, மின்சாரத்தின் காலம் வந்த பிறகும், அந்த வண்டியின் கதவு கையால் தள்ளும் கதவாகவே இருக்கிறது. தள்ளி மூடுவார் இல்லை. மூடாமலே வண்டி புறப்படுகிறது. திறந்த வாயோடு ஓடுகிறது.

"இத்தனை கூட்டத்தை வைத்துக்கொண்டு கதவை மூடி ஓட்ட முடியுமா?" இது அதிகார பீடத்தின் கேள்வி. முடியும் என்று நாம் சொன்னால் மேடைப் பேச்சு என்பார்கள். ஆகவே முடித்துக் காட்டிய நாட்டைச் சுட்டுகிறோம். அந்த நாடு ஜப்பான்.

ஜப்பான் என்றதும் மின்னல் வேகத்தில் பாயும் ஷின்கான்சென் ரயில் உங்கள் நினைவுக்கு வரும். அது சீமான்களின் கதை; 1964-இல் தொடங்கிய கதை. நாம் சொல்ல வந்தது, ஆலைத் தொழிலாளியும் அலுவலகக் குமாஸ்தாவும் அன்றாடம் ஏறும் சாதாரண மின்சார ரயிலின் கதை. அது ஓடும் பாதை நம் பாதையைவிட அகலமானதோ? இல்லை! நம்முடைய அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். அவர்களுடைய பழைய பாதை 1,067 மில்லிமீட்டர். நாம் கைவிட்ட மீட்டர் பாதையைவிடக் கொஞ்சம்தான் பெரிது! நம் புறநகர் மின்சார ரயில் பெட்டி ஏறத்தாழ 3.66 மீட்டர் அகலம். 1950-களிலும் 1960-களிலும் அவர்கள் கட்டிய பெட்டி 2.8 மீட்டர் அகலம். குறுகிய பாதை, ஒடுங்கிய பெட்டி. ஆயினும் கதவு மூடிய பிறகே வண்டி நகரும்.

கூட்டம் குறைவோ? அதுவும் இல்லை. தோக்கியோவின் ஷின்ஜுக்கு நிலையத்திலே, பயணிகளை உள்ளே தள்ளிக் கதவை மூடுவதற்கென்றே 1950-களில் ஆட்களை அமர்த்தினார்கள். 1960-களில் முக்கியப் பாதைகளிலே, ஏட்டில் எழுதிய கொள்ளளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேலாக மக்கள் நெருக்கியடித்துப் பயணம் செய்தார்கள். நெரிசலிலே அவர்கள் நமக்கு அண்ணன், தம்பி அல்ல!

அப்படியானால் அவர்கள் எங்கே வேறுபட்டார்கள்? ஓர் எண்ணத்திலே வேறுபட்டார்கள். உட்கார்ந்திருப்பவன் மட்டும் பயணி அல்ல, நிற்பவனும் பயணிதான் என்ற எண்ணம்! அந்த ஓர் எண்ணத்திலிருந்து பெட்டியின் ஒவ்வோர் அங்கமும் பிறந்தது.

இருக்கைகளைப் பாருங்கள். சன்னலோரமாக, சுவரை ஒட்டி நீளவாக்கில் போட்டார்கள். உட்காரும் இடம் குறைந்தது. நிற்கும் இடம் கூடியது. நிற்பவன் பிடித்துக்கொள்ள, தலைக்கு மேலே வரிசை வரிசையாகக் கைப்பிடி வளையங்கள். வாசல்களைப் பாருங்கள். இருபது மீட்டர் நீளப் பெட்டிக்குப் பக்கத்துக்கு நான்கு வாசல். 1957-இல் வந்த '101' வகை வண்டியில் ஒவ்வொரு வாசலும் 1.3 மீட்டர் அகலம். இரட்டைக் கதவு நடுவிலிருந்து இருபுறமும் விலகும். எதற்கு இத்தனை வாசல்? நிலையத்தில் வண்டி நிற்கும் சில நொடிகளுக்குள் நூற்றுக்கணக்கானோர் இறங்கி ஏற வேண்டும் அல்லவா? நேரம் மிச்சமாவது எஞ்சினின் வேகத்தால் மட்டும் அல்ல, வாசலின் அகலத்தாலும்தான்!

கதவை இயக்குவது அழுத்தப்பட்ட காற்று. அந்த முறை 1920-களிலேயே ஜப்பானுக்கு வந்துவிட்டது. வண்டியின் கடைசியிலே நிற்கும் கார்டு விசையைத் தட்டுவார். எல்லாக் கதவுகளும் ஒருசேர மூடும். மூடினவா இல்லையா என்பதை ஓட்டுநருக்கு விளக்கு சொல்லும். விளக்கு எரியாவிட்டால் வண்டி நகராது. ஓட்டுநரின் கருணையை நம்பிய ஏற்பாடு அல்ல இது. பயணியின் எச்சரிக்கையை நம்பிய ஏற்பாடும் அல்ல. தவறு நேராதபடி இயந்திரத்திலேயே ஒழுக்கத்தை ஊட்டிய ஏற்பாடு!

1963-இல் '103' வகை வந்தது. '101' வகையில் எல்லாப் பெட்டிகளுக்கும் மோட்டார் வைக்கவே திட்டமிட்டிருந்தார்கள். மின்சாரம் வழங்கும் நிலையங்களின் பலம் அதற்குப் போதவில்லை. ஆகவே மோட்டார் இல்லாத பெட்டிகளையும் இடையிடையே சேர்க்க நேர்ந்தது. அந்த அனுபவத்தை வைத்து, குறைந்த மோட்டார்களோடு, அடிக்கடி நின்று நின்று போகும் ஓட்டத்துக்கு ஏற்ப '103'-ஐ வகுத்தார்கள். 1984 வரை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கட்டினார்கள். பாதைக்கு ஒரு நிறம் தீட்டினார்கள். எழுத்தைப் படிக்க நேரமில்லாத தொழிலாளியும் நிறத்தைப் பார்த்து ஏறினான். கையில் உள்ள பணம் எவ்வளவு, கிடைக்கும் மின்சாரம் எவ்வளவு, ஏறும் மக்கள் எத்தனை என்று கணக்கிட்டு, அதற்குள்ளே ஏழைக்கு நல்ல வண்டி செய்தார்கள். கணக்கிலே மக்களைச் சேர்த்தார்கள், தோழர்களே! அதுதான் சேதி.

ஜப்பான் என்ன, தவறே செய்யாத தேவலோகமா? இல்லவே இல்லை! நெருப்பிலே வெந்துதான் அவர்கள் பாடம் கற்றார்கள்.

1951 ஏப்ரல் 24-ஆம் நாள். யோக்கோகாமா நகரின் சாக்குராகிச்சோ நிலையத்துக்குள் ஒரு மின்சார ரயில் நுழைகிறது. '63' என்னும் வகை. போர்க்காலப் பஞ்சத்திலே சிக்கனம், சிக்கனம் என்று வெட்டிச் சுருக்கிக் கட்டிய வண்டி. அறுந்து தொங்கிய மின்கம்பி வண்டியின் கூரையிலே சிக்குகிறது, தீப் பற்றுகிறது. கதவு மூடியிருக்கிறது. சன்னலோ மூன்று துண்டுக் கண்ணாடி. நடுத் துண்டு திறக்காது. இடுக்கு வழியாக ஆள் வெளியேற முடியாது. அடுத்த பெட்டிக்குப் போகும் கதவு உட்புறம் திறப்பது; முட்டி மோதும் கூட்டத்தில் அதைத் திறக்க இயலவில்லை. அவசரமாகக் கதவைத் திறக்கும் பிடி வண்டியிலே இருந்தது, இருந்தும் என்ன? அது எங்கே இருக்கிறது என்று பயணிக்குச் சொல்வார் இல்லை! 106 உயிர்கள் கருகின.

அந்தச் சாம்பலின்மேல் நின்று அவர்கள் என்ன செய்தார்கள்? "பயணிகள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்" என்று பலகை எழுதி மாட்டிவிட்டுப் போனார்களா? இல்லை. சன்னலை மாற்றினார்கள். பெட்டிக்குப் பெட்டி போகும் வழியைத் திறந்தார்கள். அவசரப் பிடி இருக்கும் இடத்தை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைத்தார்கள். வண்டியைத் திருத்தினார்கள், மாண்டவனைத் திட்டவில்லை!

பாடம் அதோடு முடியவில்லை. 1962 மே 3-ஆம் நாள் இரவு, தோக்கியோவின் மிக்காவாஷிமா நிலையத்தருகே சரக்கு ரயிலோடு ஒரு பயணி ரயில் மோதிக்கொண்டது. பயணிகள் அவசரப் பிடியைத் திருகிக் கதவைத் திறந்து தண்டவாளத்திலே இறங்கி நடந்தார்கள். சில நிமிடங்களில் எதிர்ப் பாதையில் இன்னொரு ரயில் வந்தது. அதை நிறுத்துவார் இல்லை. 160 பேர் மாண்டனர். கதவு மட்டும் போதாது. சிக்னலும் வேண்டும், செய்தி சொல்லும் ஏற்பாடும் வேண்டும் என்ற பாடம் அது. சிவப்பு விளக்கைத் தாண்டினால் வண்டியைத் தானே நிறுத்தும் கருவியை 1966-க்குள் நாடெங்கும் பொருத்தினார்கள்.

இனி நம் பக்கம் வருவோம். மின்சார ரயில் நமக்குப் புதிதா? 1931-ஆம் ஆண்டிலேயே சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் பாதையிலே மின்சார ரயில் ஓடியது. ஜப்பானின் தொழில்நுட்பமும் நமக்குப் புதிதல்ல. 1960-களின் நடுவில், அந்நாட்டு மிட்சுபிஷி ஆலைகளிலே கட்டிய மின் எஞ்சின்கள் தமிழகத்துக்கு வந்தன. சென்னை – விழுப்புரம் மீட்டர் பாதையிலே இழுத்தன. கடற்கரை – தாம்பரம் மீட்டர் பாதை மின்சார ரயில் 2004-இல் விடைபெற்றது. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிய ரயில்! எஞ்சினை இறக்குமதி செய்தோம். நிற்பவனையும் கணக்கில் சேர்க்கும் அந்த எண்ணத்தை மட்டும் இறக்குமதி செய்யவில்லை!

நமக்குக் கைத்திறன் இல்லையா? பெரம்பூரைப் பாருங்கள்! 1955 அக்டோபர் 2-ஆம் நாள் திறக்கப்பட்டது அங்குள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலை. சுவிட்சர்லாந்துக்காரரிடம் கற்ற வித்தையைத் தமிழகத் தொழிலாளி தன் வித்தையாக்கிக்கொண்டான். தானே மூடும் கதவுகளோடு குளிர்சாதன மின்சார ரயிலைக் கட்டி, 2017 டிசம்பரில் மும்பையில் ஓடச் செய்தது பெரம்பூர். 2018-இல் 'வந்தே பாரத்' ரயிலைக் கட்டி முடித்தது பெரம்பூர். 2025 ஏப்ரலில் சென்னைக் கடற்கரை – செங்கல்பட்டுப் பாதைக்குக் குளிர்சாதன மின்சார ரயிலைத் தந்ததும் பெரம்பூர்.

நம் நாகர்கோவிலுக்கும் 2024 ஆகஸ்ட் இறுதியில் 'வந்தே பாரத்' வந்தது. சென்னை எழும்பூருக்கு ஓடுகிறது. அதன் கதவு தானே திறக்கிறது, தானே மூடுகிறது. கதவு மூடாமல் வண்டி நகராது. வரவேற்கிறோம்! வரவேற்றுவிட்டுக் கேட்கிறோம்: அதே தண்டவாளத்தில், அதே மின்கம்பியின் கீழே ஓடும் மெமு வண்டிக்கு மட்டும் ஏன் திறந்த வாசல்? ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்தவனின் உயிருக்குக் கதவு உண்டு. பத்து, இருபது ரூபாய் கொடுத்தவனின் உயிருக்குக் கதவு இல்லையா? உயிருக்குமா முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு?

சென்னையிலே குளிர்சாதன மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது அதன் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதாரண மின்சார ரயிலிலோ 5 ரூபாய். ஏழு மடங்கு! கதவு வேண்டுமா, குளிர்காற்றையும் சேர்த்து வாங்கு என்கிறார்கள். குடை கேட்டவனுக்கு மாளிகையை விலை சொல்வதுபோல் அல்லவா இருக்கிறது! நாம் கேட்பது குளிர்காற்று அல்ல, கதவு.

"குளிர்சாதனம் இல்லாமல் கதவை மூடினால் மூச்சு முட்டுமே!" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்கும் ஜப்பானிலே விடை இருக்கிறது. அங்கே கோடைப் புழுக்கம் நம்மூர்ப் புழுக்கத்துக்குச் சளைத்ததல்ல. '101' வகையும் '103' வகையும் குளிர்சாதனம் இல்லாமலே பிறந்தவை. பெரிய சன்னலைத் திறந்து வைத்தார்கள். கூரையிலே விசிறி சுழன்றது. கதவு மட்டும் மூடியே இருந்தது. குளிர்சாதனம் 1970-களிலேதான் மெல்ல மெல்ல நுழைந்தது.

கதவில்லாத கொடுமைக்குச் சாட்சி வேண்டுமா? 2018 ஜூலை 24-ஆம் நாள், சென்னைப் பரங்கிமலை நிலையத்திலே, படியில் தொங்கிச் சென்றவர்கள் பாதையோரச் சுவரில் மோதித் தண்டவாளத்தில் விழுந்து மாண்டார்கள். வேலைக்கும் படிப்புக்கும் புறப்பட்டவர்கள்! 2025 ஜூன் 9-ஆம் நாள், மும்பையை அடுத்த மும்ப்ராவிலே, எதிரெதிரே சென்ற இரு ரயில்களின் வாசல்களில் தொங்கியவர்கள் கீழே விழுந்தார்கள், உயிர்கள் பறிபோயின. அதன் பிறகுதான் டில்லி விழித்தது. குளிர்சாதனம் இல்லாத வண்டிக்கும் தானே மூடும் கதவு, கதவிலே காற்று புகும் இடுக்கு, கூரையிலே காற்றோட்டக் கருவி, பெட்டிக்குப் பெட்டி போகும் வழி – இவற்றோடு புதிய வண்டி வகுப்போம் என்று மும்பைக்காக அறிவித்தது.

நல்ல அறிவிப்பு! ஆனால் அதனுள்ளே ஓர் ஒப்புதலும் இருக்கிறது, கவனித்தீர்களா? "முடியாது, முடியாது" என்று சொல்லிவந்தது முடியும் என்பதை அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மும்பையில் முடிவது நாஞ்சில் நாட்டிலே ஏன் முடியாது? சென்னையிலே ஏன் முடியாது? ஓர் ஊருக்குப் புத்தி வர அந்த ஊரிலேயே பிணம் விழ வேண்டுமா?

சட்டம் என்ன சொல்கிறது? 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 156-ஆம் பிரிவு, எச்சரித்த பிறகும் படியிலும் கூரையிலும் பயணம் செய்பவனுக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. தொங்குபவனுக்குத் தண்டனை உண்டு, தொங்கவிடும் வண்டிக்கு? "படியில் பயணம், நொடியில் மரணம்" என்று எழுதுகிறார்கள். உண்மைதான். அந்த மரணத்தை மூடி வைக்க ஒரு கதவை ஏன் செய்யவில்லை? உள்ளே இடமிருந்தும் வாசலில் நின்று வித்தை காட்டும் இளைஞனை நாம் ஆதரிக்கவில்லை. தம்பி, உன் வீட்டிலே உனக்காக அடுப்பு எரிகிறது, உள்ளே வா! ஆனால் ஆசைக்குத் தொங்குபவன் ஒருவன்; அவசியத்துக்குத் தொங்குபவர் ஒன்பது பேர். ஒருவனைக் காட்டி ஒன்பது பேரின் வழக்கைத் தள்ளுபடி செய்யாதீர்கள்!

வண்டிக்கு இலக்கணம் வகுக்கும் அலுவலகம் லக்னோவிலே. பணம் ஒதுக்கும் பீடம் டில்லியிலே. நம் மாவட்டத்து ரயிலை நடத்தும் கோட்டம் திருவனந்தபுரத்திலே. வண்டி கட்டும் கை பெரம்பூரிலே. வாசலில் தொங்கும் உயிர் மட்டும் நம்முடையது! ஆகவே கேட்க வேண்டியவர்களும் நாம்தான்.

என்ன கேட்கிறோம்? நான்கே கேட்கிறோம்.

முதலாவது, இனிக் கட்டும் மெமு வண்டிக்கும் புறநகர் மின்சார ரயிலுக்கும், தானே மூடும் கதவு வேண்டும். கதவு மூடாமல் நகராத ஏற்பாடு வேண்டும். கட்டணம் இப்போதுள்ள சாதாரணக் கட்டணமாகவே இருக்க வேண்டும்.

இரண்டாவது, மூடிய கதவுக்குள்ளே காற்று வேண்டும். தப்பும் வழி வேண்டும். அவசரப் பிடி எங்கே, எப்படித் திருகுவது என்பது தமிழிலும் மலையாளத்திலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சாக்குராகிச்சோவில் வெந்தவர்கள் விட்டுச் சென்ற பாடம் இது. தெரியாத மொழியில் எழுதிய எச்சரிக்கை, எழுதாத எச்சரிக்கையே!

மூன்றாவது, நிற்பவனுக்குக் கைப்பிடி வேண்டும். உயரம் குறைந்த தாய்மாருக்கும் எட்டும்படி வேண்டும். நடைமேடைக்கும் வண்டித் தளத்துக்கும் உள்ள ஏற்றம் குறைய வேண்டும். கூடை சுமக்கும் பெண்ணும் முழங்கால் வலிக்கும் முதியவரும் அப்போதுதான் தடுமாறாமல் ஏறுவார்கள்.

நான்காவது, காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போகிறவர்களின் நேரத்துக்கு வண்டிகள் கூட வேண்டும். கதவு உயிரைக் காக்கும். ஆனால் கூட்டத்தைக் குறைக்காது. கூட்டத்தைக் குறைப்பது அடுத்த வண்டிதான். இரண்டையும் சேர்த்தே கேட்கிறோம்.

தோழர்களே! இதை நீங்கள் தொழிற்சங்கக் கூட்டத்திலே பேசுங்கள். எந்த நிலையத்திலே, எந்த வண்டியிலே, எத்தனை பேர் வாசலில் நிற்கிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணுங்கள், எண்ணியதை எழுதுங்கள், எழுதியதை நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கோட்ட மேலாளரிடமும் கொடுங்கள். கோபத்தைவிடக் கணக்குக்குப் பலம் அதிகம். ஜப்பானில் அந்த வண்டியை வகுத்தவர்களும் கணக்கிட்டுத்தான் வகுத்தார்கள். நம்மை யாரும் கணக்கில் சேர்க்காதபோது, நம் கணக்கை நாமே போட வேண்டும்.

திருவனந்தபுரத்திலே எழும் கட்டடங்களுக்கு நம் மாவட்டத்துக் கொத்தனார் செங்கல் அடுக்குகிறார், நிலை வைக்கிறார், கதவு மாட்டத் தோதாகச் சுவர் எழுப்புகிறார். ஊரார் வீட்டுக்கெல்லாம் வாசல் அமைத்துக் கொடுப்பவருக்கு, அவர் ஏறிப்போகும் வண்டியிலே ஒரு கதவு வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல. அவர் கொடுக்கும் கட்டணத்திலே அந்தக் கதவுக்கும் பங்கு உண்டு. அவர் உயிரிலே நம் எல்லோருக்கும் பங்கு உண்டு. கதவை மாட்டுங்கள், பிறகு வண்டியை ஓட்டுங்கள்!